வாடகை வீட்டில் ஒரு சொல்

மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் வாசிப்புக் குழுவில் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பற்றிப் பேச்சு நடந்தது. சாப்பாட்டுக்கடை ஒன்றின் மாடி, ஞாயிறு மதியம், கீழே தட்டு கழுவும் சத்தம். நான் இரவு ஷிப்ட் முடிந்து நேராகப் போயிருந்ததால் பாதித் தூக்கத்தில் இருந்தேன். குழுவில் மூத்தவர் ஒருவர், நாற்பது வருடமாக வாசிப்பவர், கடைசியாகப் பேசினார். "கதைங்க நல்லா இருக்கு. ஆனா வேர் ஆழமா இறங்கல." எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டி முடித்த பிறகுதான், எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது.

"ஐயா, வேர்னா இங்க எது? மொழியா, கதை நடக்குற இடமா, தமிழ்நாட்டு இலக்கியத்தோட தொடர்ச்சியா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அது ஒரு உருவகம்தானே தம்பி. அதைப் போயி நோண்டிக்கிட்டு."

அந்தத் 'தானே' என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நம்மூர் விமர்சனத்தில் நானும் சேர்ந்துதான் இப்படிப் பேசுகிறேன். ஒரு தொகுப்பைப் பற்றி எழுதச் சொன்னால் வேர், கிளை, மண், விதை, பதியம் என்று பாதித் தோட்டத்தை இறக்கிவிடுகிறோம். யாராவது அதன் பொருளைக் கேட்டால் 'உருவகம்தானே' என்று ஒதுங்கிக்கொள்கிறோம். உருவகம் என்றால் கணக்கில் வராதது, சும்மா சொல்வது என்கிற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்த எண்ணம் சரியா என்று பார்க்கப் போனால் வேடிக்கையான ஓர் இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால், உருவகம் என்றால் என்ன என்று சொல்ல வந்த எல்லாருமே அதை ஓர் உருவகத்தால்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அரிஸ்டாட்டிலிடமிருந்து தொடங்கலாம். கவிதையியலின் 21ஆம் அத்தியாயத்தில் அவர் தரும் வரையறையைச் சுருக்கமாகச் சொன்னால், வேறொன்றுக்கு உரிய பெயரை இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ப் போடுவது. 'கொண்டுபோவது' என்பதற்கு அவர் கையாளும் சொல் 'எபிஃபோரா'. அதிலுள்ள 'ஃபோரா', அவருடைய இயற்பியலில் ஒரு பொருள் இடம்விட்டு இடம் நகர்வதைக் குறிக்கிற சொல். 'மெட்டஃபோரா'வும் அதே குடும்பம். இன்றைக்கும் கிரேக்கத்தில் வீடு மாற்றும்போது சாமான் ஏற்றும் லோரிகளில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். ஆனால் பெயர்கள் லோரியில் ஏறிப் போவதில்லை. அப்படியானால் வரையறையே ஓர் உருவகம். பூட்டைத் திறக்கும் சாவி வீட்டுக்குள் இருக்கிறது.

அவரோடு இது நிற்கவில்லை. 1730இல் துமார்ஸே என்கிற பிரெஞ்சு இலக்கணக்காரர், உருவகமான சொல் ஒன்று இரவல் வீட்டில் குடியிருப்பது போன்றது என்றார். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1936இல் உருவகத்தின் ஒரு பாதிக்கு 'வாகனம்' என்று பெயர் வைத்தார். மறுபடியும் லோரி. மாக்ஸ் பிளாக் 1950களில், புகை படிந்த கண்ணாடியில் சில கோடுகளை மட்டும் துடைத்துவிட்டு அதன் வழியே இரவு வானத்தைப் பார்ப்பதுபோல என்றார். லேக்காஃபும் ஜான்சனும் 1980இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகு வந்த மொழியியலாளர்கள் 'மூலக் களம்', 'இலக்குக் களம்', ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் 'பொருத்தல்' என்று கணிதத்திலிருந்து எடுத்துப் பேசுகிறார்கள். கணிதம் என்றால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வரும். ஆனால் 'களம்' என்பது நெல் அடிக்கிற இடம். இதிலும் தப்பவில்லை.

தன்னைத்தானே சுட்டும் சொற்களை ஜெர்மானியத் தத்துவவாதி கிரெல்லிங் 1908இல் வைத்து விளையாடிய ஒரு புதிர் உண்டு. தான் சொல்லும் குணம் தனக்கே இருக்கிற சொற்கள் ஒரு வகை, இல்லாத சொற்கள் இன்னொரு வகை. தமிழில் இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'குறில்' என்ற சொல்லில் இருக்கும் உயிரொலிகள் எல்லாமே குறில்தான். 'நெடில்' என்ற சொல்லில் ஒரு நெடில்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் இலக்கண வகுப்பில் நான் தூங்கியிருக்க மாட்டேன். கிரெல்லிங்கின் கேள்வி இதுதான்: 'தன் குணம் தனக்கில்லாத' என்பதைக் குறிக்கவே ஒரு சொல் இருந்தால், அந்தச் சொல் எந்த வகையில் சேரும்? இல்லை என்றால் இருக்கிறது, இருக்கிறது என்றால் இல்லை. முரண்பாட்டில் முடிகிறது.

'உருவகம்' அந்த அளவுக்கு மோசமில்லை. அது முதல் வகையில் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறது. உருவம் இல்லாத ஒரு மொழிச்செயலுக்கு 'உரு' கொடுத்து வைத்த பெயர் அது. உருவகம் ஓர் உருவகம். இதில் முரண்பாடு இல்லை. ஆனால் கீழே பிடித்து நிற்கத் தரையும் இல்லை. தெரிதாவைக் கவர்ந்தது இந்த இரண்டாவது விஷயம்.

தெரிதாவின் 'வெள்ளைத் தொன்மம்' கட்டுரை 1971இல் வந்தது. வாசிக்கக் கடினமான கட்டுரை. மூன்று தடவை முயற்சி செய்து நாலாவது தடவைதான் நான் முடித்தேன், அதுவும் ஆங்கிலத்தில். ஆனால் அதன் நடுவில் இருக்கும் வாதத்தைப் பரமார்த்த குருவின் சீடர்களை வைத்து எளிதாகச் சொல்லிவிடலாம். ஆற்றைக் கடந்ததும் ஒரு சீடன் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஒரு ஆள் குறைகிறது. ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். தத்துவத்தில் இருக்கும் உருவகங்களை எல்லாம் பட்டியல் போடப் போகிறவருக்கும் இதே கதிதான். பட்டியல் போடுவதற்கு 'உருவகம்' என்ற ஒரு கருத்து வேண்டும், அந்தக் கருத்தே ஓர் உருவகம். எத்தனை முறை எண்ணினாலும் எண்ணுகிறவன் விடுபடுவான். வீரமாமுனிவர் கதையில் ஒரு வழிப்போக்கன் வந்து சரியாக எண்ணிக் காட்டுகிறான். தெரிதா சொல்வது, இந்த ஆற்றங்கரைக்கு வழிப்போக்கன் வரமாட்டான். மொழிக்கு வெளியே நின்று எண்ண ஆள் இல்லை.

இதுவரைக்கும் நான் தெரிதாவோடு போகிறேன். அவர் எடுத்துக்கொள்ளும் இன்னொரு படம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அனத்தோல் பிரான்ஸ் 1894இல் எழுதிய 'எபிகூரஸின் தோட்டம்' புத்தகத்தில் ஓர் உரையாடல் வருகிறது. அதில் ஒருவன், தத்துவவாதிகள் சாணை பிடிக்கிறவர்கள்போல, கத்தியைத் தீட்டுவதற்குப் பதிலாகக் காசுகளைத் தேய்க்கிறார்கள் என்கிறான். காசில் இருந்த ராஜாவின் தலை, வருடம், மதிப்பு எல்லாம் அழிந்துபோகிறது. அழிந்ததும், இனி இது எந்த நாட்டுக் காசும் இல்லை, எங்கும் செல்லும் என்கிறார்கள். நீட்ஷே 1873இல் எழுதி வைத்த ஒரு கட்டுரையிலும் படம் அழிந்த காசுகள் வருகின்றன. அவருக்கு உண்மை என்பதே உருவகம் என்று மறந்துபோன உருவகம்தான். தெரிதா இந்தக் காசைக் கையில் வாங்கி, தேய்மானம் என்பதே ஒரு உருவகம் என்று காட்டுகிறார். நல்ல வாதம். ஆனால் காசை விட்டு அவர் முழுக்க வெளியே வருவதில்லை. முன்பு தெளிவாக இருந்தது, இப்போது தேய்ந்துவிட்டது என்கிற சோகம் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

தமிழில் யோசித்தால் இந்தத் தேய்ப்பு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. 'உரை' என்றால் பேச்சு, விளக்கம். பரிமேலழகர் உரை, நச்சினார்க்கினியர் உரை. 'உரைத்தல்' என்றால் தேய்த்தலும்தான்: உரைகல்லில் பொன்னை உரைப்பது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. (பாருங்கள், 'வேர்' என்று எழுதிவிட்டேன். 'வேர்ச்சொல்' என்பதும் அந்த மரத்தில் வெட்டியதுதான்.) ஒரே வடிவத்தில் இரண்டும் அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அது போதும். காசைத் தேய்த்தால் படம் அழியும், நஷ்டம் மட்டும்தான். பொன்னைக் கல்லில் உரைத்தால் கல்லின் மேல் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் எத்தனை மாற்றுத் தங்கம் என்று சொல்வார்கள். ஒரு கவிதைக்கு உரை எழுதுகிறவன் அதை அழிப்பதில்லை, கொஞ்சம் தேய்த்து, விழுந்த கோட்டைப் படிக்கிறான். பிரான்ஸுக்குப் பிரெஞ்சில் கிடைக்காத இந்தக் கல், நமக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. நாம்தான் எடுப்பதில்லை.

'செத்த உருவகம்' என்று நாம் சொல்வதும் இதோடு சேர்ந்ததே. மேசைக்குக் கால், ஊசிக்குக் காது. (ஆங்கிலத்தில் அதே ஊசிக்குக் கண். உடம்பின் எந்த உறுப்பை எங்கே வைப்பது என்பதில் மொழிகளுக்குள் ஒற்றுமை இல்லை.) இவை செத்துவிட்டன என்கிறோம். சாவதற்கு முதலில் உயிர் வேண்டும். ஜார்ஜ் லேக்காஃப் 1987இல் 'செத்த உருவகத்தின் சாவு' என்று தலைப்பு வைத்து இதைக் கேள்வி கேட்டார். தலைப்பே தன் வாலைக் கடிக்கிறது. அவர் வாதம்: கவனிக்காமல் பயன்படுத்துகிறோம் என்பதாலேயே ஒன்று செத்ததாகாது. கவனிக்காமல் நம் யோசனையை நடத்திக்கொண்டிருக்கும் உருவகம்தான் மிகவும் உயிரோடு இருப்பது. 'உருவகம்தானே' என்று மூத்தவர் சொன்னபோது எங்கள் மேசையில் உயிரோடு இருந்தது எது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

லோரிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் சொந்தப் பிரச்சினை இருக்கிறது. அரிஸ்டாட்டில், துமார்ஸே, ரிச்சர்ட்ஸ் எல்லாரும் பயன்படுத்தும் படத்தை ஒன்றாக வைத்துப் பாருங்கள். சொல்லுக்கு ஒரு சொந்த வீடு இருக்கிறது. அங்கே அது தனக்குரிய பொருளோடு இருக்கிறது. பிறகு லோரி ஏறி வேறு இடம் போகிறது. அங்கே இரவல் வீட்டில் குடியிருக்கிறது. அங்கே அது என்ன வேலை செய்தாலும் 'உண்மையான' பொருள் பழைய வீட்டில்தான். இதைப் படிக்கும்போது எனக்கு இலக்கியக் கோட்பாடு படிக்கிற மாதிரியே இல்லை. எங்கள் பாட்டியிடம் யாரோ "நீங்க எந்த ஊரு? இல்ல, உண்மையான ஊரு?" என்று கேட்பது மாதிரி இருந்தது. உருவகக் கோட்பாட்டின் அடியில் ஒரு குடியேற்றக் கதை ஓடுகிறது, அதில் குடியேறியவன் எப்போதும் இரண்டாம் பட்சம்.

தமிழில் 'பெயர்' என்றால் நாமம். 'பெயர்' என்றால் இடம் நகர் என்றும் பொருள். மொழிபெயர், புலம்பெயர், அடி பெயர். அரிஸ்டாட்டில் 'பெயரைக் கொண்டுபோவது' என்று இரண்டு சொல்லில் சொன்னதைத் தமிழ் ஒரே வடிவத்தில் வைத்திருக்கிறது. பெயர் என்று இருந்தாலே அது பெயரக் கூடியதுதான் என்று படிக்கத் தோன்றுகிறது. நான் கொஞ்சம் அதிகமாகப் படிக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கட்டும்.

ஆனால் நம்முடைய அணியிலக்கணம் உருவகத்தை லோரியில் ஏற்றவே இல்லை என்பது ஊகம் அல்ல, நூலில் இருப்பது. தொல்காப்பியத்தில் உருவகத்துக்குத் தனி இயல் கிடையாது, உவமவியல்தான் உண்டு. வினை, பயன், மெய், உரு என்று நாலு வகையில் இரண்டு பொருள்கள் ஒத்துப்போவதைப் பற்றி அது பேசுகிறது. யாரும் எங்கும் போவதில்லை, இரண்டும் அருகருகே நிற்கின்றன. வடமொழியில் தண்டி, வேற்றுமை மறைந்துபோன உவமையே உருவகம் என்றார். அவரைப் பின்பற்றிய தமிழ்த் தண்டியலங்காரம் வேற்றுமையை 'ஒழித்து' இரண்டையும் ஒன்றாக 'மாட்டுவது' என்கிறது. மறைவதற்கும் ஒழிவதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. அதைத் தமிழ்ப் புலவர்கள் பேசட்டும். என்னைப் பிடித்தது அந்த 'மாட்டு'. கொக்கியில் மாட்டுவது, சட்டையை ஆணியில் மாட்டுவது, பேச்சுவழக்கில் போலீசிடம் மாட்டுவது. தொல்காப்பியச் செய்யுளியலிலும் 'மாட்டு' என்று ஓர் உறுப்பு உண்டு: தள்ளிக் கிடக்கும் பொருள்களைக் கொண்டுவந்து பொருத்துவது. ('கொண்டுவந்து' என்கிறேன். லோரி விடமாட்டேன் என்கிறது.) கொக்கி என்ற படத்தில் சொந்த வீடு, இரவல் வீடு என்ற பேச்சே எழாது. எது எதில் மாட்டியிருக்கிறது, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் கேள்வி.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் இதைவிட அழகான ஒரு விஷயம் இருக்கிறது. நூல் என்ற சொல்லுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று பவணந்தி விளக்குகிறார். சொல்தான் பஞ்சு, பனுவல்தான் இழை, புலவன்தான் நூற்கிற பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர். அடுத்ததாகத் தச்சரின் நூலையும் இழுக்கிறார். மரத்தின் கோணலை நீக்க நூல் பிடிப்பதுபோல மனதின் கோணலை நீக்குவது நூல். ஓர் இலக்கண நூல், நூல் என்பது என்ன என்று சொல்ல, நூலை வைத்தே ஓர் உருவகம் நெய்து, அந்த உருவகத்தைத் தன் முதல் பக்கங்களில் போட்டிருக்கிறது. ரோலான் பார்த் 1973இல், பிரதி என்பதற்கான லத்தீன் மூலச்சொல் நெசவு என்று ஞாபகப்படுத்தி, எழுத்தாளன் தன் வலைக்குள்ளேயே கரைந்துபோகும் சிலந்தி என்றார். நம் வாசிப்புக் குழுக்களில் பார்த்தைச் சொன்னால் ஒரு மரியாதை, பவணந்தியைச் சொன்னால் பரீட்சை ஞாபகம். இரண்டு பேரும் ஒரே தறியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசம், பவணந்தியின் தறியில் நூற்கிற பெண் காணாமல் போவதில்லை. அவள் கையும் கதிரும் தெரிகின்றன.

சரி, எல்லாம் உருவகம்தான், உருவகத்தின் கோட்பாடும் உருவகம்தான். அதனால் என்ன? இங்கேதான் என் படிப்பு எனக்கு உதவியது. நான் மின்னியல் படித்தவன். மின்சாரத்துக்கு 'ஓட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். வீட்டுக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்கிற சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நத்தையே முந்திவிடும். ஆனாலும் ஓட்டம் என்றுதான் சொல்கிறோம், பாலம் விழாமல், விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. டெட்ரெ கென்ட்னரும் டொனால்ட் கென்ட்னரும் 1983இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சிலர் மின்சாரத்தைக் குழாயில் ஓடும் தண்ணீராக நினைக்கிறார்கள். சிலர் வாசல் வழியே நெருக்கிப் போகும் கூட்டமாக நினைக்கிறார்கள். தண்ணீர்க்காரர்கள் மின்கலன் கணக்கில் நன்றாகச் செய்தார்கள். இரண்டு தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அழுத்தம் கூடும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூடாது என்பது அவர்களுக்கு உடனே தெரிந்தது. ஆனால் இரண்டு மின்தடைகளைப் பக்கவாட்டில் இணைத்தால் தடுமாறினார்கள், தடை ரெண்டாச்சே, ஓட்டம் குறையும் என்று. கூட்டக்காரர்களுக்கு அது எளிது: ரெண்டு வாசல் இருந்தால் ஆட்கள் சீக்கிரம் போவார்கள்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். ஒரு கோட்பாடு உருவகத்தின்மேல் நிற்கிறதா என்று கேட்பது வீண். நிற்கத்தான் செய்யும். அந்த உருவகத்தை நம்பிக் கணக்குப் போட்டால் எந்தக் கணக்கு சரியாக வரும், எந்தக் கணக்கு தப்பும் என்று கேட்க வேண்டும். உருவகம்'தானே' என்று சொல்லவே முடியாது. தப்பான கணக்கில் ஃபியூஸ் போகும்.

இப்போது 'வேர்'. மலேசியத் தமிழ் எழுத்தைத் தமிழக மரத்தின் கிளை என்று நினைத்தால் எந்தக் கணக்கு சரியாக வருகிறது? மொழித் தொடர்ச்சி, யாப்பு, சிறுகதை வடிவம் எப்படி இங்கே வந்தது, இதெல்லாம் சரியாக வரும். எது தப்பும்? கிளைக்குத் தனியாக மண் கிடையாது. ஆக இங்கே எழுதப்பட்டதில் மலாய், சீன வாழ்க்கையிலிருந்து வந்தது எதுவானாலும் அது சத்தாகத் தெரியாது, ஒட்டுண்ணியாகத் தெரியும். கிளையை அடிமரத்தோடு ஒப்பிட்டால் கிளை எப்போதும் மெலிந்ததுதான். ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதும் 'நம் இலக்கியம் ஏன் இன்னும் வளரவில்லை' கட்டுரையின் முடிவு அதன் முதல் வரியில் உள்ள மரத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. தெலூஸும் கத்தாரியும் 1980இல் மரத்துக்கு எதிராகக் கிழங்குத் தண்டை முன்வைத்தார்கள், இஞ்சி, மஞ்சள் மாதிரி எங்கிருந்தும் முளைப்பது. அதை இங்கேயும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எங்கிருந்தும் முளைக்கும் என்றால் ஏன் சில இடத்தில் முளைக்கவே இல்லை என்று அது சொல்வதில்லை.

என் தாத்தா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பிரட்டு, அப்புறம் நிரை, மங்கு, வாளி. அவர் வெட்டிய மரமே இந்த மண்ணின் மரம் அல்ல. 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர்ப் பூங்காவுக்கு வந்தன. மலாயா ரப்பரின் கதை அங்கிருந்து பிடித்தால்தான் நூல் கிடைக்கும். அதைவிட முக்கியமான விஷயம், பிற்காலத் தோட்டங்களில் நிரை நிரையாக நின்ற மரங்கள் ஒட்டு மரங்கள். விதையில் முளைத்த நாற்றின் வேர்ப்பகுதியில், அதிகம் பால் தருகிற வேறொரு மரத்தின் மொட்டை ஒட்டி வளர்ப்பது. ஆர்ஆர்ஐஎம் 600 என்று பேர் போன ரகம் அப்படித்தான் பரவியது. அந்த மரத்தின் வேரும் தண்டும் ஒரே தாய்க்குப் பிறந்தவை இல்லை. பால் வருவது தண்டின் பட்டையில்.

இது தெரிந்த அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். வேர் என்று பேசுகிறவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, நம் இலக்கியம் ஒட்டு மரம் என்று எழுதிவிடலாம். நோட்டில் இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். பிறகு நான் மற்றவர்களுக்குச் சொன்ன கணக்கை எனக்கே போட்டுப் பார்த்தேன். ஒட்டு மரம் என்றால் ஒட்டியது யார்? தோட்ட நிர்வாகம். எதற்காக? மகசூலுக்காக. எல்லா மரமும் ஒரே மரத்தின் நகல். என் உருவகத்தை நம்பினால், நம் தமிழில் 'பசார்', 'லோரி', 'கம்பம்' எல்லாம் யாரோ திட்டம் போட்டு ஒட்டியதாகிவிடும். தாத்தா வெட்டிய நிரையின் வெள்ளைக்காரத் துரைதான் நம் மொழிக்கும் தோட்டக்காரர் என்றாகிவிடும். அந்தச் சொற்கள் அப்படி வரவில்லை. சந்தையில், லயத்தில், சண்டையில், கடனில் வந்தவை. இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். ரசித்து எழுதியது, கொஞ்சம் வலித்தது.

அந்த வாரம் அலமாரியில் கண்ணில் பட்டது சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்'. தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவல். ஏற்கெனவே படித்ததுதான், தலைப்பை மட்டும் புதிதாகப் பார்த்தேன். மண்புழுவுக்கு வேர் கிடையாது. கிளையும் கிடையாது. மண்ணைத் தின்று மண்ணாகவே வெளியே தள்ளும். டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை, 1881இல், மண்புழுக்கள் எப்படி மேல்மண்ணை உண்டாக்குகின்றன என்பதைப் பற்றித்தான் எழுதினார். 'வேர் எந்த மண்ணில்?' என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க, நாவலாசிரியர் 'மண்ணை ஆக்கியது யார்?' என்று தலைப்பிலேயே கேட்டுவிட்டார். அவர் அப்படி நினைத்து வைத்தாரா என்பது வேறு. மண்வெட்டி பட்டால் துண்டாகிற ஓர் உயிர் அது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விமர்சகர்கள் கொண்டுவரும் உருவகங்களைவிட, படைப்பில் ஏற்கெனவே கிடக்கும் உருவகங்களை எடுத்து உரைத்துப் பார்ப்பது நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது.

போன மாதக் கூட்டத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமே போய், மூத்தவரிடம் அதே தொகுப்பை நீட்டினேன். "ஐயா, வேர்ங்கற வார்த்தைய விட்டுட்டு, அன்னைக்கு உங்களுக்கு என்ன இடறிச்சுன்னு புத்தகத்துல காட்டுங்களேன்." கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் புரட்டினார். தேத்தாரே ஆறிப்போனது. பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்தா பாரு தம்பி. பாட்டின்னு வருது. அடுத்த கதையில கெழவி. இங்க 'தோட்டத்து அம்மா'. வயசானவங்க இத்தன பேரு வராங்க, ஒருத்தருக்காவது பேரு இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு கதை. வயதானவர்கள் பதினான்கு பேர். ஒருவருக்குத்தான் பெயர் இருக்கிறது, அதுவும் மருத்துவமனைக் கட்டிலில் மாட்டியிருக்கும் அட்டையில்.